இழுத்தால் இறுகும்

விளையாட்டுப் பொருள்களைப் பற்றி நம் இலக்கிய இதழ்களில் எழுதுவோர் பெரும்பாலும் மரப்பாச்சியையும் பனையோலைக் காற்றாடியையும் நினைவுகூர்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இழந்த காலத்தின் ஏக்கத்துக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. நாம் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புவது அவ்வளவு அழகான பொருளன்று. மாதிரிப் பொம்மைகளில் காற்றையோ தண்ணீரையோ கொண்டுசெல்லும் ஒரு மெல்லிய குழாய்; அது ஒரு மூக்கில் மாட்டப்படும் இடம்; பிறகு கழற்றப்பட வேண்டிய இடம். அவ்வளவுதான். ஆனால் அரை விரற்கடைகூட இல்லாத அந்த இடத்தில், நம் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்றுத்தருகிறோம், எதைக் கற்றுத்தர மறந்தோம் என்ற கேள்வி சிக்கிக் கிடக்கிறது.

பொருளை அறியாத நண்பர்களுக்காகச் சற்று விளக்கிவிடலாம். டென்மார்க் நாட்டின் லெகோ நிறுவனம் தனது 'டெக்னிக்' வரிசைப் பொம்மைகளில் 1984-ஆம் ஆண்டு காற்றழுத்த உறுப்புகளைச் சேர்த்தது. கையால் அழுத்தும் ஒரு சிறு பம்பு, காற்றின் வழியை மாற்றிவிடும் ஒரு வால்வு, உள்ளே தண்டு ஓடும் ஓர் உருளை, இவற்றை இணைக்கும் குழாய்கள். பம்பைச் சில முறை அழுத்தினால் குழாய்வழி சென்ற காற்று உருளைக்குள் இருக்கும் தண்டைத் தள்ளும்; மண்வாரி எந்திரத்தின் கை மெல்ல உயரும். அந்த ஆண்டில் வந்த மண்வாரி மாதிரியில் தொடங்கி, 2,793 உறுப்புகளுடன் 2015-இல் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் ஆரோக்ஸ் லாரி மாதிரியையும் கடந்து, இந்த அமைப்பு உருமாறியபடியே தொடர்ந்து வந்திருக்கிறது.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. குழாயின் உள்வாய் மூக்கின் பருமனைவிடச் சற்றே சிறிதாக இருக்கிறது. வளையமோ பட்டையோ பசையோ கிடையாது. விரிந்த ரப்பர் மீண்டும் சுருங்க விரும்பும் விருப்பம் ஒன்றே காற்றைக் காத்து நிற்கிறது. ஆகவே குழாய் இறுக்கமாக இருந்தே ஆகவேண்டும். இறுக்கமில்லாவிட்டால் உயர்த்திய கை சிறிது நேரத்தில் தானாகத் தாழ்ந்துவிடும். இறுக்கமாக இருந்தாலோ, மாட்டும்போது குழந்தையின் விரல்நுனி சிவந்துவிடும். கழற்றும்போது பெரியவர்களுக்கே பொறுமை போய்விடும். பயன் எந்தக் குணத்தால் வருகிறதோ அதே குணத்தால்தான் தொல்லையும் வருகிறது.

இந்த டென்மார்க் பொம்மை நம் பழனிசெட்டிபட்டியில் மிகச் சில வீடுகளில்தான் இருக்கக்கூடும். அதன் விலை அப்படி. ஆனால் அதன் ஏழை உறவினர் ஒருவர் நம் வட்டாரத்துப் பள்ளிக் கண்காட்சிகளில் தவறாமல் வந்து அமர்ந்திருப்பார். அட்டையால் செய்து மஞ்சள் வண்ணம் பூசிய 'ஜேசிபி'. மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சுகள் இரண்டிரண்டாக; அவற்றை இணைக்கக் குளுக்கோஸ் ஏற்றும் குழாய்; உள்ளே பேனா மை கலந்த தண்ணீர். ஒரு சிரிஞ்சை அழுத்தினால் மறுமுனைச் சிரிஞ்சு நீள்கிறது, எந்திரத்தின் கை எழுகிறது. பக்கத்தில் ஒரு மாணவனோ மாணவியோ நின்று, அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறைவின்றிப் பரவும் என்ற பாஸ்கல் விதியை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கக் கேட்கிறோம். பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் கண்ட விதி கம்பம் பள்ளத்தாக்கின் அட்டைப்பெட்டியில் வேலை செய்வதைக் காண மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

அடுத்து ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். "இந்தக் குழாயைக் கழற்றி, அந்தச் சின்னச் சிரிஞ்சில் மாட்டினால் என்ன ஆகும், தம்பி?" நல்ல கேள்விதான். சின்னச் சிரிஞ்சை அழுத்திப் பெரிய சிரிஞ்சைத் தள்ளினால் விசை பெருகும், நகரும் தொலைவு குறையும்; மாற்றி மாட்டினால் தொலைவு கூடும், விசை குறையும். பாஸ்கல் விதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் இப்படிக் கேட்டபோது நமக்குக் கிடைத்த விடை இது: "கழட்டுனா ஒடஞ்சு போயிரும் சார். பசை போட்டு ஒட்டியாச்சு."

பையனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கண்காட்சிக்கு முந்தைய நாள் தண்ணீர் கசிந்திருக்கிறது. யாரோ பெரியவர் சில நொடியில் ஒட்டும் பசையை விட்டுக்கொடுத்திருக்கிறார். கசிவு நின்றது. கூடவே கேள்வியும் நின்றுவிட்டது.

*

ரப்பர்க் குழாயைக் கழற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு பழைய ரப்பர் பட்டையை எடுத்து இழுத்துப் பாருங்கள். நீளம் கூடக்கூட அது மெலிந்துகொண்டே போகும். குழாயும் அப்படியே. மூக்கில் மாட்டியிருக்கும் குழாயைப் பிடித்து இழுக்கும்போது குழாய் நீள்கிறது. நீளும்போது அதன் உள்வாய் சுருங்குகிறது. சுருங்கும்போது மூக்கை இன்னும் இறுகப் பற்றுகிறது. நாம் எவ்வளவு வலிமையைச் செலுத்துகிறோமோ அவ்வளவும் நமக்கு எதிராகவே திரும்புகிறது. கோபத்தில் பக்கவாட்டில் வளைத்து இழுத்தால் குழாய் வருவதற்குமுன் மூக்கு முறிந்து வந்துவிடும். குழாயை மாற்றிக்கொள்ளலாம், மூக்கு முறிந்தால் உருளையே வீண்.

செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. குழாயின் வாய்விளிம்பில் நகத்தையோ தட்டையான ஒரு குச்சியையோ வைத்து, மூக்கின் அடிப்பகுதியிலிருந்து நுனியை நோக்கித் தள்ளவேண்டும். தள்ளப்படும் ரப்பர் நீளத்தில் குறுகும். குறுகும்போது பக்கவாட்டில் உப்பும். உப்பும்போது பிடி தளரும். இடையிடையே இப்படியும் அப்படியுமாகச் சற்றே திருகிக்கொடுத்தால் நாள்பட ஒட்டிக்கொண்ட இடமும் விடுபடும். மாட்டும்போதும் இதே நியாயம்தான். குழாயைத் தொலைவில் பிடித்துத் தள்ளினால் அது வளைந்து மடங்கும். வாய்க்கு மிக அருகில் பிடித்து, ஒரு துளி தண்ணீரால் நனைத்து, திருகியபடி ஏற்றவேண்டும். பிடிவாதமான பிளாஸ்டிக் குழாயானால் நுனியைச் சிறிது நேரம் வெந்நீரில் வைத்தால் இளகிக்கொடுக்கும். எண்ணெய் தடவுவது தீர்வுபோலத் தோன்றும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போய் நாளடைவில் வலுவிழந்துவிடும். எதற்கும் மசியாத குழாயானால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுக்கவேண்டியதுதான். குழாயை அளந்து வெட்டும்போதே ஒரு விரற்கடை கூடுதலாக விடுவது இதற்காகவே.

எல்லாவற்றுக்கும் முதலாக ஒரு விதி உண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும்போது கழற்றக்கூடாது. வால்வைத் திருப்பிக் காற்றை வெளியே விடவேண்டும். சிரிஞ்சானால் தண்டைத் தளர்த்தவேண்டும். குக்கரின் ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்கக்கூடாது என்பது நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். உண்மையான மண்வாரி எந்திரத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு இது உயிர்பிழைக்கும் விதி. பொம்மையில் இதைக் கற்ற விரல்கள் பெரிய எந்திரத்தின் முன்னும் தயங்கி நிற்கும்.

இதைத் தமிழ் படித்தவன் ஏன் எழுதவேண்டும் என்ற கேள்வி வரும். காரணம் ஒரு வினைச்சொல்தான். குழாயைப் பொருளிலிருந்து நீக்குவதற்கு நம் மொழியில் பல சொற்கள் உண்டு. பிடுங்குதல் என்றால் வலிமையால் வேரோடு எடுப்பது. உருவுதல் என்றால் நீளமான ஒன்றை அதன் உறையிலிருந்து வழுக்கி எடுப்பது. அவிழ்த்தல் முடிச்சுக்குரியது. பெயர்த்தல் நிலைத்து நிற்கும் ஒன்றுக்குரியது. கழற்றுதல் இவை எதுவுமன்று. 'கழல்' என்பது தன்வினை. தானே நெகிழ்ந்து நீங்குதல். 'கழற்று' என்பது அதன் பிறவினை. சுழல் என்பதிலிருந்து சுழற்று வந்ததுபோல. ஆக, கழற்றுதல் என்றால் வெளியே இழுத்தல் என்று பொருளன்று. ஒரு பொருள் தானே நெகிழ்ந்து நீங்கும்படி செய்தல் என்று பொருள். இழுக்காதே, நெகிழச்செய் என்ற செயல்முறை முழுவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் வளை நெகிழ்ந்து கழல்வதை நாம் வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்போம்! அங்கே யாரும் வளையை இழுப்பதில்லை. கை மெலிகிறது, வளை கழல்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் வளையல் மாட்டிவிடும் பெண்களைக் கவனித்தவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் வளையலை வலிந்து ஏற்றுவதில்லை. கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, பெருவிரல் மூட்டை உள்ளடக்கிப் பிசைந்து, கையைச் சிறிதாக்குகிறார்கள். வளையல் தானே ஏறிவிடுகிறது. இறுக்கமான பொருளோடு மல்லுக்கட்டாமல் அதன் இயல்பை அறிந்து நடப்பது ஓர் அறிவு. நம்மிடையே அந்த அறிவு எழுத்தறியாதவர் பலரிடமும் நிறைந்திருக்கிறது.

சைக்கிள் கடைக்காரரிடமும் அது இருந்தது. இன்று நாற்பதைத் தாண்டியவர்கள் 'வால்டியூப்' என்ற சொல்லைக் கேட்டதும் புன்னகைப்பார்கள். பழைய சைக்கிள் வால்வின் ஊசியில் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதன்மேல் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று இறுக்கமாகப் போர்த்தியிருக்கும். பம்படிக்கும்போது உள்ளே வரும் காற்று அந்த ரப்பரைச் சற்றே விலக்கிக்கொண்டு நுழையும்; அழுத்தம் நின்றதும் ரப்பர் துளையை மூடிக்கொள்ளும். இதைவிட எளிய ஒருவழிக் கதவு உலகில் உண்டா தெரியவில்லை. ரப்பர் நைந்துபோனால் கடைக்காரர் புதிய துண்டை எச்சில் தொட்டு, இரு விரலால் உருட்டி உருட்டி ஊசியில் ஏற்றிவிடுவார். இழுத்து ஏற்றமாட்டார், உருட்டி ஏற்றுவார். காற்றடைத்த சக்கரமே குழந்தையின் விளையாட்டிலிருந்து பிறந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் காற்றடைத்த டயரைச் செய்துபார்த்தார்; 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

நம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கும் வாழைத் தோப்புகளுக்கும் சொட்டுநீர்க் குழாய்கள் வந்தபிறகு இந்த அறிவு இன்னும் பரவலாகியிருக்கிறது. பிரதான குழாயில் துளையிட்டு, ரப்பர் வளையம் பொருத்தி, அதில் இணைப்பு முனையைச் செருகி, கறுப்புக் குழாயை மாட்டும் வேலையைச் செய்பவர்கள் ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் வைத்துக்கொள்வதுண்டு. அந்த இணைப்பு முனைகளில் மீன்செதில்போல் வரிகள் இருக்கும். ஏறுவதற்கு வழிவிட்டு, இறங்குவதை மறுக்கும் வரிகள். தோட்டத்தில் அது தேவை. பொம்மையின் மூக்கில் அப்படிப்பட்ட முரட்டு வரிகள் கிடையாது. ஏனெனில் பொம்மை திரும்பக் கழற்றப்படுவதற்காகவே செய்யப்படுகிறது. தோட்டத்துக் குழாய்க்கும் பொம்மைக் குழாய்க்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். பசை விட்டு ஒட்டிய பள்ளி மாதிரி இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

*

இதே வால்டியூபை வைத்து ஒரு கல்விமுறையையே காட்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, லாரி தயாரிக்கும் பெரிய தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த அவர், 1978-இல் விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குச் சென்றார். அங்கே 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், ஒப்புவித்தலை விட்டுவிட்டுச் செய்து கற்பதை வலியுறுத்தி வந்தது. கிராமத்துச் சந்தையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு ஏதேனும் செய்யமுடியுமா என்று தேடியபோது அவர் கைக்கு அகப்பட்டவை தீக்குச்சியும் வால்டியூபும்.

முறை மிக எளியது. குச்சியின் மருந்தைச் சுரண்டி நீக்கிவிடவேண்டும். வால்டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டவேண்டும். ஒரு துண்டின் இரு வாய்களிலும் இரண்டு குச்சிகளைச் செருகினால் வளையக்கூடிய ஒரு மூட்டு கிடைத்துவிடும். மூன்று குச்சி, மூன்று துண்டு: முக்கோணம். அழுத்திப் பார்த்தால் அசையாது. நான்கு குச்சி, நான்கு துண்டு: சதுரம். தொட்டாலே சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். மின்கோபுரங்களும் கூரைச் சட்டங்களும் ஏன் முக்கோணங்களாலேயே ஆகியிருக்கின்றன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மூட்டின் நடுவில் முள்ளால் துளையிட்டு மூன்றாம் குச்சியைச் செருகினால் நான்முகி எழுந்து நிற்கும். ஒரு துண்டை இன்னொன்றின் வழியாகக் குறுக்கே நுழைத்தால் நான்கு குச்சிகள் கூடும் மூட்டு. மூன்றாம் துண்டையும் நுழைத்தால் ஆறு. இப்படியே வீடு, பாலம், கோபுரம் எல்லாம் எழும்பும்.

இங்கே நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றை. தீக்குச்சியும் வால்டியூபும் மலிவானவை என்பது மட்டும் அதன் சிறப்பன்று. அந்த மூட்டு கழற்றத்தக்கது என்பதே சிறப்பு. சதுரத்தைக் கழற்றினால்தான் அந்தக் குச்சிகளை வைத்து முக்கோணம் செய்யமுடியும். பசையால் ஒட்டியிருந்தால் சதுரம் சாய்வதையும் பார்த்திருக்க முடியாது. சாய்கிறதே என்ற கேள்வியும் பிறந்திருக்காது. குப்தாவின் நூல்கள் தமிழ் உட்படப் பல மொழிகளுக்குச் சென்றன. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் செய்துபார்க்கும் அறிவியலைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்ப்பதில் உழைத்தன. அந்த ஊற்று இன்னும் வற்றிவிடவில்லை. ஆனால் பள்ளிக் கண்காட்சியின் மேசைவரைக்கும் அது வந்துசேரவில்லை என்பதுதான் நம் வருத்தம்.

காரணம் என்ன? கண்காட்சி முடிந்த பொருளைக் கேட்கிறது. நடுவர் வரும் நேரத்தில் கை உயரவேண்டும், கசியக்கூடாது, மதிப்பெண் போட்டுவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போகவேண்டும். ஆகவே கசியாத மாதிரியே நல்ல மாதிரி என்றாகிவிடுகிறது. கடைகளில் ஆயத்தமாகச் செய்த மாதிரிகளே விற்பனைக்குக் கிடைக்கின்றன. பெற்றோர் இரவெல்லாம் விழித்து ஒட்டுகிறார்கள். 2016-இல் மத்திய அரசின் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், தேர்ந்தெடுத்த பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய்வரை நல்குவதாக அமைந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் உறுப்புகள் காணாமற்போகுமோ உடையுமோ என்ற அச்சம் இருக்கும் பள்ளியில் எத்தனை லட்சம் வந்தாலும் அது பூட்டிய அலமாரிக்குள்தான் போய்ச்சேரும். பசையும் பூட்டும் ஒரே அச்சத்தின் இரண்டு உருவங்கள்.

ஆசிரிய நண்பர்களின் மறுப்பை நாம் அறியாதவரல்லர். ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிடம், ஒரே ஒரு மாதிரி. எல்லோரும் கழற்றினால் மணியடிக்கும்போது மேசைமேல் என்ன மிஞ்சும்? நியாயமான கேள்விதான். ஆனால் உடைவது கழற்றுவதாலன்று. கழற்றும் முறை தெரியாமல் இழுப்பதால். அந்த முறையைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. உடைந்தாலும் நட்டம் ஒரு சிரிஞ்சும் ஒரு முழக் குழாயும்தான். விலையுயர்ந்த உறுப்புகளை முதல் நாளிலேயே பிள்ளைகளின் கையில் கொடுக்கச்சொல்லி நாம் வாதிடவில்லை. வால்டியூபிலும் சிரிஞ்சிலும் விரல் பழகட்டும். பிறகு அலமாரியைத் திறக்கலாம்.

கழற்றுவதற்கும் சிதைப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லவேண்டும். பெற்றோர் பலரும் இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறார்கள். "வாங்கிக் குடுத்த அன்னைக்கே பிரிச்சு மேஞ்சுட்டான்" என்ற முறையீட்டைக் கேளாத வீடில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வரும் பிள்ளையிடம், சிதைக்காதே என்று அவர்கள் இறைஞ்சுவதாகப் பாடுவது மரபு. மணல்வீட்டைக் காலால் எற்றினால் மிஞ்சுவது மணல், அது சிதைவு. குழாயைக் கழற்றினால் மிஞ்சுவது குழாயும் மூக்கும், இரண்டும் முழுமையாக, மறுபடி மாட்டத்தக்கதாக. எது மீண்டும் சேரக்கூடியதாக எஞ்சுகிறதோ அதுவே கழற்றல். இந்த இலக்கணத்தைப் பிள்ளைக்குச் சொல்லித்தராமல், தொடாதே என்று மட்டும் சொன்னால் அவனுக்கு எஞ்சுவது சிதைத்தல் ஒன்றுதான்.

மாட்டும் கல்வி வேகமாகவும் கழற்றும் கல்வி மெதுவாகவும் வருவது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. ஒன்றையொன்று கவ்விப்பிடிக்கும் தன் செங்கல்லுக்கு லெகோ நிறுவனம் காப்புரிமை கோரியது 1958 ஜனவரி 28-ஆம் நாள். அந்தச் செங்கல்லைப் பிரித்தெடுப்பதற்கென ஒரு சிறு நெம்புகருவியை அது வெளியிட்டது 1990-இல். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகள் உலகத்துக் குழந்தைகள் நகத்தாலும் பல்லாலும் சமாளித்திருக்கிறார்கள். சேர்ப்பவரின் மகிழ்ச்சியை எண்ணிப்பார்ப்பது எளிது. பிரிப்பவரின் தொல்லையை எண்ணிப்பார்க்க ஒரு தலைமுறை ஆகிறது.

*

இந்த இடத்தில் தமிழ் வகுப்பறை அறிவியல் கூடத்துக்குச் சற்று முன்னோடியாக இருந்திருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். நம் வினாத்தாள்களில் 'சேர்த்தெழுதுக' என்று ஒரு வினா இருந்தால், 'பிரித்தெழுதுக' என்றும் ஒன்று தவறாமல் இருக்கும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரங்களை நன்னூல் வகுத்திருப்பதை நாம் அறிவோம். வாழையும் பழமும் சேர்ந்தால் இடையில் ஒரு 'ப்' தோன்றுகிறது. பல்லும் பொடியும் சேர்ந்தால் 'ல்' 'ற்' ஆகத் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்தால் 'ம்' கெடுகிறது. பிரிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இவை ஏன் நேர்ந்தன என்பது தெரியும். மணி, ஓசை என்னும் இரு சொற்கள் சேரும்போது உயிரும் உயிரும் நேராகப் பொருந்தமாட்டா. இடையில் ஒரு யகரம் வந்து அவற்றை உடம்படுத்துகிறது. மணியோசை. பிரிக்கும்போது அந்த யகரம் போய்விடுகிறது. குழாய் வாயில் நாம் தொட்டுவைக்கும் ஒரு துளி நீரும் அப்படித்தான். சேர்ப்பதற்கு வந்து, வேலை முடிந்ததும் உலர்ந்துவிடுகிறது. பசையோ போகாது.

மர்ரே எஸ். ராஜம் 1950-களில் சங்க இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டபோது, பாட்டின் ஓசை சிதைகிறது என்று வருந்தியவர்களும் இருந்திருக்கக்கூடும். ஆனால் பண்டிதர் துணையின்றிப் படிக்கத் தொடங்கிய எத்தனையோ வாசகர்களுக்கு அந்தப் பிரித்த வடிவமே வாசலாயிற்று. பிரித்துப் படித்தவர் மீண்டும் சேர்த்துப் படிக்கும்போது ஓசையும் திரும்பக் கிடைத்தது. பொருளும் கூடவே வந்தது.

ஆனால் இந்தப் பெருமையை நாம் காத்துவைத்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி. 'பிரித்தெழுதுக' வினாவுக்கும் இப்போது உரைநூலில் அச்சிட்ட விடையை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். பாடநூலில் இல்லாத ஒரு புதுச்சொல்லைத் தந்தால் பட்டப்படிப்பு மாணவரும் திகைக்கிறார். அதுவும் ஒருவகைப் பசைதான். அட்டை ஜேசிபிக்கு அருகில் நின்று பாஸ்கல் விதியை ஒப்புவிக்கும் பிள்ளைக்கும், புணர்ச்சி விதியை ஒப்புவித்துவிட்டு ஒரு சொல்லைப் பிரிக்கமாட்டாத பிள்ளைக்கும் நேர்ந்தது ஒன்றே. இருவர் கையிலும் முடிந்த பொருளைத் தந்தோம். அதைத் திறக்கும் வழியைத் தரவில்லை.

குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது முறையன்று. செலவில்லாத மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, கண்காட்சியில் பசையிட்ட இணைப்புகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படும் என்று முன்னதாகவே அறிவிக்கலாம். கசிந்தால் கசியட்டும். கசிவு எங்கே என்று சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிப்பதும் அறிவியல்தான். இரண்டாவது, நடுவர் ஒவ்வொரு மேசையிலும் ஒரு குழாயைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிக்காட்டச் சொல்லலாம். விளக்கவுரையைவிட அந்த அரை நிமிடம் மாணவரின் அறிவைத் தெளிவாகக் காட்டிவிடும். ஆயத்த மாதிரி வாங்கிவந்தவர் அங்கேயே தெரிந்துவிடுவார். மூன்றாவது, ஆறாம் வகுப்பிலேயே ஒரு பாடவேளை ஒதுக்கி, இரண்டு சிரிஞ்சும் ஒரு முழக் குழாயும் கொடுத்து, மாட்டவும் கழற்றவும் மட்டும் கற்றுக்கொடுக்கலாம். விதி பிறகு வரட்டும். விரல் அறிந்த ஒன்றுக்கு விதியின் பெயர் சொல்லும்போது அது மனத்தில் தங்கும்.

அந்தப் பாடவேளையை நடத்த ஒரு சைக்கிள் கடைக்காரரையோ, சொட்டுநீர்க் குழாய் மாட்டும் தொழிலாளியையோ, வளையல் விற்கும் பெண்ணையோ வகுப்பறைக்கு அழைத்துவந்தால் இன்னும் நன்று. அவர்களுடைய பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள். தம் தாய்தந்தையர் நாள்தோறும் செய்வதும் ஓர் அறிவு, அதற்குப் பள்ளியில் இடமுண்டு என்று அந்தப் பிள்ளைகள் ஒருநாளேனும் காணவேண்டும்.